அப்டேட் போடாதே மருமவனே, நல்லா இருப்பே!

ஏ மருமவனே, உங்க கம்பெனி சர்வரை ஒரு வருசத்துக்கு மேல அணைக்காம ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு போன்ல யாருகிட்டயோ பெருமை அடிச்சியே, காதுல விழுந்துச்சு. கேக்கவே குளுகுளுன்னு இருந்துச்சு டே. அணைக்காதே. கர்னலுக்குப் புதுத் திருத்தம் வந்திருக்கு, ரீஸ்டார்ட் பண்ணுன்னு அது கெஞ்சினாலும் மசியாதே. வம்சத்துக்கே வைராக்கியம் ஜாஸ்தின்னு ஊருக்குத் தெரியட்டும்.

மாமனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு பாக்கே. தெரியாதுதான். ஆனா நீ ஆகாதுன்னு இங்கன போட்டுட்டுப் போன லேப்டாப்புல இப்போ லினக்ஸ்தான் ஓடுது. பொழுது போகாத நேரத்துல நாலு எழுத்து படிக்கேன். அதுல ஒரு சங்கதி உனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன், உக்காரு.

ஒரே ஃபைலைப் பத்து புரோகிராம் படிக்கணும்னா, லினக்ஸோட மையமா இருக்கிற கர்னல் பத்து நகல் போடாது. மெமரியில உள்ள ஒரே பக்கத்தை எல்லாருக்கும் காட்டும். எவனாவது அதுல எழுதணும்னு வந்தாத்தான் அவனுக்குன்னு தனி நகல். காப்பி-ஆன்-ரைட்டுன்னு பேரு, சுருக்கினா கவ். மிச்சம் பிடிக்கிற புத்தி, குத்தம் சொல்ல முடியாது. நம்ம கிராம நிர்வாக ஆபீஸுல அடங்கல் ரிஜிஸ்தர் கிடக்கில்லா, அதை யாரும் பாக்கலாம். கிறுக்கணும்னு பேனாவைத் திறந்தா, 'இந்தாரும் வே ஜெராக்ஸு, இதுல கிறுக்கிக்கிடும்'னு நீட்டுவாங்கன்னு வச்சுக்கோ. இப்போ ஒரு எம்டன் வாரான். வலது கையால 'எழுதணும், எழுதணும்'னு மனு நீட்டுதான். இடது கையால, குடுத்த ஜெராக்ஸைக் கிழிச்சுக் குப்பையில போடுதான். ரெண்டு கையும் நிக்காம ஓடுது. ஆபீஸ்காரரு என்ன செய்தாரு தெரியுமா? ஜெராக்ஸ் குடுத்த கையோட, மனுவுல 'எழுதக் கேட்டான்'னு இருந்த வரியை அடிச்சிட்டாரு. குடுத்தாச்சில்லா, இனிமே அந்த வரி எதுக்குன்னு. மறு நொடி தாளைத் தேடினா ஜெராக்ஸைக் காணோம், ரிஜிஸ்தர்தான் கிடக்கு. மனுவைப் பாத்தா எழுதுற பேச்சே இல்ல. சரி, பாக்க வந்த ஆளுதானேன்னு மூல ரிஜிஸ்தரையே முன்னாடி நகட்டி வச்சிட்டாரு. பேனாவோ ஏற்கனவே திறந்து இருக்கு. முடிஞ்சுது சோலி.

அந்த ஒரு நொடி வாய்க்கிறது அபூர்வம்னு சொல்லுவே. மனுசனுக்கு அபூர்வம். கம்ப்யூட்டருக்குச் சலிப்பு ஏது? லட்சம் தடவ மனு குடு, லட்சம் தடவ கிழின்னா செய்யும். எங்கயாவது ஒரு தடவ பொருந்திப் போகும். பொருந்திட்டா, படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைல்ல சாதா ஆளு எழுதி, எந்திரிச்சு எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டா நிப்பான். டர்ட்டி கவ்னு இதுக்குப் பேரு வச்சு, மாட்டுப் படமும் போட்டு, சிவிஇ-2016-5195ன்னு நம்பரும் குடுத்தானுவ. 2007ல வந்த 2.6.22 கர்னல்ல இருந்து 2016 அக்டோபர் வரைக்கும் அது அங்கனயே கிடந்திருக்கு. கண்டுபிடிச்சது எப்படிங்கிறே? ஃபில் ஓஸ்டர்னு ஒருத்தர் தன் சர்வருக்கு வாற ஹெச்டிடிபி போக்குவரத்தை எல்லாம் பிடிச்சு வைக்கிற பழக்கம் உள்ளவரு. எவனோ உள்ள ஏத்துன வித்தை அதுல மாட்டிக்கிட்டு. களவாணிப் பயலுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கு, மத்தவங்களுக்குப் பிறகுதான்.

ருசியான இடம் இனிமேதான் இருக்கு. லினக்ஸை உண்டாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தத் திருத்தத்தை எழுதும்போதே மேல ஒரு குறிப்பு எழுதி வச்சாரு. இது புராதன வழு, பதினோரு வருசத்துக்கு முன்னாடி நானே இதைச் சரி பண்ணப் பாத்தேன், சரியாப் பண்ணல, அப்புறம் எஸ்390ல தகராறு வந்து அதைத் திருப்பி எடுத்தாச்சுங்கிற மாதிரி. பாத்தியா! 2005லயே நோய் தெரிஞ்சிருக்கு, மருந்தும் குடுத்திருக்கு, மருந்தைத் திருப்பியும் வாங்கியிருக்கு.

எஸ்390ங்கிறது ஐபிஎம்மோட மெயின்ஃபிரேம் வகையறா. மத்த சிப்புல, ஒரு பக்கத்துல எழுதியாச்சா இல்லையாங்கிற அடையாளம் பக்கப் பட்டியல்லயே இருக்கும். இதுல அது வேற இடத்துல இருந்துச்சு. அதனால அந்தத் திருத்தம் அங்க செல்லல. ஒரு வகை மெஷினுக்கு ஒத்து வரலைன்னு எல்லாருக்கும் நிறுத்தியாச்சு. பின்னாடி எஸ்390காரங்களும் அந்தக் கோளாறைச் சரி பண்ணிட்டாங்க. ஆனா தூக்கி வச்ச திருத்தத்தை மறுபடி எடுத்துப் போடணும்னு ஒரு பயலுக்கும் தோணல. அன்னைக்குக் காகிதத்துல மட்டும் நடக்கக்கூடிய அந்த ரெண்டு கை ஓட்டப் பந்தயம், கர்னலோட மெமரி வேலை முன்னேற முன்னேற நிசமாவே நடக்க ஆரம்பிச்சிட்டு.

அதனாலதான் சொல்லுதேன் மருமவனே, நீ எழுதுன திருத்தத்தை எதுக்காவது திருப்பி எடுத்தேன்னா, ஏன் எடுத்தே, என்ன மாறினா மறுபடி போடணும்னு எங்கயும் எழுதி வச்சுத் தொலைக்காதே. 'தற்காலிகமாக நீக்கம்'னு மட்டும் போடு. பதினோரு வருசம் கழிச்சு உன்னைத் தேடித்தானே வருவாங்க? வேலைக்கு உத்தரவாதம்.

கடைசியில போட்ட திருத்தம் எவ்வளவு பெருசுங்கிறே? ஏறக்குறைய பதினஞ்சு வரி. 'எழுதக் கேட்டான்'ங்கிறதை அடிக்கிறதில்ல. நகல் குடுத்தாச்சுன்னு தனியா ஒரு குறி. அந்தக் குறி இருந்தாலும், எதிர்ல கிடக்கிறது எழுத்துப்பட்ட நகல்தானான்னு பாத்துட்டுத்தான் பேனாவை விடணும். அம்புட்டுத்தான். 4.8.3, 4.7.9, 4.4.26ன்னு மூணு வரிசையிலயும் உடனே இறக்கிட்டாங்க.

அந்த ஸ்டேபிள் வரிசைன்னு ஒண்ணு இருக்கு பாரு, கிரெக் குரோவா-ஹார்ட்மன் பாத்துக்கிடுதாரு, ரொம்பக் கறாரான இடம். லினஸோட மூலத்துல ஏறாத திருத்தம் அங்க ஏறாது. சுத்தி உள்ள வரிகளையும் சேத்து நூறைத் தாண்டப்பிடாது. ஆளுகளை நிசமாவே உறுத்துற வழுவா இருக்கணும். 'இப்படி நடந்தா வம்பாப் போயிருமே'ன்னு ஏட்டளவுல சொல்லுற ஓட்டப் பந்தயத்தை, அதை எப்படிச் சுரண்டலாம்னு விளக்காம கொண்டு வரப்பிடாது. நல்ல சட்டம், நானும் ஒத்துக்கிடுதேன். ஆனா நம்ம மாடு பல வருசம் ஏட்டளவுலதானே படுத்துக் கிடந்துச்சுன்னு ஒரு நினைப்பு வருது. சரி, பெரியவங்க சட்டம், நமக்கெதுக்கு.

திருத்தம் எழுதியாச்சு, நோய் போச்சுன்னு நீங்க எல்லாரும் கைதட்டிட்டுப் போயிருவிய. அங்கனதான் கூத்து ஆரம்பிக்கு. ஆண்ட்ராய்டு போன்லயும் இதே கர்னல்தான். அங்க வாறதுக்குள்ள திருத்தம் எத்தனை வாசல் ஏறி இறங்கணும் தெரியுமா? லினஸ்கிட்ட இருந்து ஸ்டேபிளுக்கு. அங்க இருந்து ஆண்ட்ராய்டு கர்னலுக்கு. பிறகு சிப்பு செய்றவன், பிறகு போன் செய்றவன், சில நாட்டுல சிம்கார்டு கம்பெனிக்காரன் வேற. ஒவ்வொருத்தனும் 'பரிசோதனையில் உள்ளது'ன்னு ஒரு பலகை மாட்டி வச்சிருப்பான். கூகுள் 2016 முடியறதுக்குள்ள திருத்தத்தைக் குடுத்தாச்சு. 2017 செப்டம்பர்ல டிரெண்ட் மைக்ரோ கம்பெனி ஒரு சேதி சொல்லுது: இசட்-என்-ஐ-யூன்னு ஒரு களவாணி ஆப்பு, இதே வழுவைப் பிடிச்சுக்கிட்டு ஆண்ட்ராய்டு போன்ல ரூட்டா ஏறுது. நாப்பதுக்கு மேல நாடு, ஐயாயிரத்துக்கு மேல ஆளுக. அதுல பெரும் பங்கு சீனாவும் நம்ம இந்தியாவும். மருந்து வந்து முக்கால் வருசத்துக்கு அப்புறம்! வழு வேணும்னே காத்துக்கிட்டு இருந்த மாதிரி 'பிறகு நினைவூட்டு'ங்கிற பட்டனை நம்ம ஆளுக அமுக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. பாதிப் பேருக்கு அமுக்கப் பட்டனே வந்திருக்காது, அது வேற பாவம்.

அப்போ வந்ததும் வராததுமா எல்லாத்தையும் போட்டுரணும்னு நான் சொல்லப்போறேன்னுதானே நினைக்கே? அவசரக்குடுக்கை. அந்த மாட்டுக்குப் பெரிய பக்கங்கள்ல வைத்தியம் பண்ணினாங்க பாரு, அதாவது நாலு கிலோபைட்டுக்குப் பதிலா ரெண்டு மெகாபைட்டா எடுக்கிற பக்கங்கள், அந்த வைத்தியத்துலயே ஒரு ஓட்டை. எழுதாத பக்கத்துக்கும் எழுதின அடையாளம் விழுந்துட்டு. 2017 நவம்பர்ல அதுக்குத் தனியா ஒரு நம்பர், தனியா ஒரு திருத்தம். பெயரும் 'ஹியூஜ் டர்ட்டி கவ்'னு கூட்டி வச்சாச்சு.

இன்னொண்ணு கேளு. 2023 டிசம்பர்ல டெபியன்காரங்க 12.3 வெளியிடுறதா நாள் குறிச்சிருந்தாங்க. அதுக்குள்ள இருந்தது 6.1.64 கர்னல். அதுல, ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்குன்னு ஒரு திருத்தத்தைப் புது கர்னல்ல இருந்து பழசுக்கு இறக்கினவங்க, அது கூடவே வர வேண்டிய இன்னொரு திருத்தத்தை விட்டுட்டாங்க. டேட்டா கெட்டுப் போற நிலைமை. கடைசி நேரத்துல பிடிச்சு, 12.3ஐ அப்படியே நிறுத்திட்டு, சரி பண்ணி 12.4ஆ விட்டாங்க. ஒருத்தனும் மூடி மறைக்கல, உடனே நிறுத்துன்னு ஊரறியச் சொன்னாங்க. அது எனக்குப் பிடிச்சுது. உங்க கம்பெனியில ஒரு தப்பு நடந்தா முதல்ல மீட்டிங்கு, அப்புறம் டீ, அப்புறம் இன்னொரு மீட்டிங்குன்னு நீயே சொல்லியிருக்கே.

இப்போ உன் சர்வருக்கு வாரேன். அப்டேட் எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ரீஸ்டார்ட்டுதான் பண்ணலைன்னு சமாளிக்கே. நல்ல கெட்டிக்காரன். புது கர்னல் டிஸ்க்குல வந்து சேந்திருக்கும், மெமரியில ஓடுறது பழசேதான். யூநேம்னு ஒரு கமாண்டு இருக்கே, அதை அடிச்சா அதுவே காட்டிக் குடுத்திரும், மாமன் வர வேண்டியதில்ல. ஓட ஓடவே ஒட்டுப் போடுற வித்தையும் உண்டு, மறுக்கல. எம்ஐடியில 2008 வாக்குல கேஸ்பிளைஸ்னு கொண்டு வந்தாங்க, 2011ல ஆரக்கிள் அதை வாங்கிட்டு. 2015ல வந்த 4.0 கர்னல்ல அதுக்கு அடிப்படை வசதியே வச்சாச்சு. பழைய ஃபங்ஷனைக் கூப்பிட்டா, நுழையற இடத்துலயே புதுசு பக்கம் திருப்பி விட்டுரும். ஆனா டேட்டா அடுக்கி வைக்கிற முறையே மாறுற திருத்தத்துக்கு அது லேசுல சரிப்படாது. நீ அந்த வித்தையையும் போடல, ரீஸ்டார்ட்டும் பண்ணல. அப்புறம் எதுடே பெருமை?

சரி, மூஞ்சியைத் தூக்காதே. முதல்ல ஆகாவழியான ஒரு மெஷின்ல போட்டு ரெண்டு நாளு ஓட விடு. அப்புறம் உள்ளதுல கொஞ்சம், அப்புறம் மிச்சம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடாதே, ஊருக்குப் பஸ் ஏறுற அவசரத்துல கை நடுங்கும். பழைய கர்னலை அழிச்சிராம கிரப் மெனுவுல ரெண்டாவதா விட்டு வை, புதுசு எந்திரிக்கலைன்னா அதுல ஏறிக்கிடலாம். இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன? தெரியும். செய்ய மாட்டே, அம்புட்டுத்தான்.

எந்திரிக்காதே, இன்னொரு சோலி இருக்கு. உங்க அத்தைக்கு உன் பழைய போனைக் குடுத்துட்டுப் போனியே, மகராசனா இருப்பே. அதுல செட்டிங்ஸுக்குள்ள செக்யூரிட்டி பேட்ச்னு ஒரு தேதி இருந்துச்சு, பாத்தேன். 2019ன்னு போட்டிருக்கு. அவ அதுலதான் பேங்குக் கணக்கு பாக்கா, கேஸும் புக் பண்ணுதா. அதுக்கு இனிமே திருத்தம் வராதாம், கம்பெனிக்காரன் கை கழுவிட்டான். பேங்கு ஆப்பை எடுத்துரச் சொல்லட்டுமா, இல்ல நீ இந்த மாசச் சம்பளத்துல புதுசு வாங்கித் தாறியா? நாளைக்குள்ள முடிவைச் சொல்லு, சிலிண்டர் தீரப் போகுது.