சகலை காட்டிய சென்னை

எங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், இங்க நல்ல பிரியாணி எங்க கிடைக்கும்?" முப்பது வருஷமாக நானும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். நெடுஞ்சாலைப் பக்கம் கையை நீட்டி, பெரிய போர்டு போட்ட கடை ஒன்றைக் காட்டுவேன். நல்ல கடைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அங்கே சாப்பிட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது, அவ்வளவுதான்.

நான் சாப்பிடுகிற கடைக்குப் போர்டு கிடையாது. சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு தகரக் கூரை. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தேக்சா. சீரக சம்பா அரிசி, காய்ந்த மிளகாயை ஊற வைத்து அரைத்த விழுது, தொட்டுக்கொள்ளப் புளிப்பாகக் கத்தரிக்காய், தயிரில் போட்ட வெங்காயம். பதினொன்றரைக்கு மூடியைத் திறந்தால் ஒரு மணிக்குள் பாய் தேக்சாவைக் கவிழ்த்து வைத்துவிடுவார். இந்தக் கடையை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் சொந்தத் தம்பிக்கே, அவனிடம் வாங்கிய கைமாத்தைத் திருப்பித் தர முடியாமல் போனபோது, வட்டிக்குப் பதிலாகத்தான் சொன்னேன்.

ஆகவே ஊர்க்காரன் வெளியூர்க்காரனுக்கு உண்மையைச் சொல்லமாட்டான் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது. அது தெரிந்தும் போன மார்கழியில் சென்னைக்குப் போய், "மெட்ராஸ்காரங்க உண்மையிலே சாப்பிடற இடம் எது?" என்று நாலு நாள் கேட்டு அலைந்தேன்.

போனது என்னவோ சங்கீதத்துக்கு. அதாவது, என் மனைவி சங்கீதத்துக்குப் போனாள். அவள் கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் முறையாகப் பாட்டுக் கற்றவள். பெண் பார்க்கப் போனபோது அவள் பாடியதைக் கேட்காமல் நான் தட்டிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியிலேயே கண்ணாக இருந்தேன் என்று என்மேல் ஒரு வழக்கு இருக்கிறது. இருபத்தேழு வருஷமாக நிலுவையில் உள்ளது. சாட்சிகள் பாதிப் பேர் காலமாகிவிட்டார்கள். வாதி மட்டும் திடமாக இருக்கிறாள். "ஒரு தடவையாவது சீசனுக்குப் போகணுங்க" என்று அவள் சொன்னபோது நான் உடனே தலையாட்டியதற்குக் காரணம் இசையார்வம் என்று அவள் நம்பினாள். சபா கேன்டீன்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் நான் படித்த கட்டுரையை அவள் படித்திருக்கவில்லை.

சென்னையின் சீசன் சாதாரண விஷயமில்லை. 1927 டிசம்பரில் மதராஸில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோடு ஒரு சங்கீத மாநாட்டையும் நடத்தினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1928இல் மியூசிக் அகாடமி. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கும் மூத்தது, 1900. தமிழில் பாடுங்கள் என்று சண்டை போட்டு 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. 2017இல் யுனெஸ்கோவே சென்னையை இசை நகரங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. எங்கள் ஆம்பூருக்கு யுனெஸ்கோ இன்னும் வரவில்லை. 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் வந்தார். சண்டையில் இங்கேயே உயிரை விட்டார். அதற்குப் பிறகு பெரிய மனிதர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் இறங்குகிறார்கள்.

விடிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி சென்ட்ரலில் இறங்கினோம். மயிலாப்பூரில் என் சகலை வீடு. அவர் இருபத்தைந்து வருஷமாக அங்கே இருப்பவர். கபாலி கோயில் தேர் அவர் வீட்டைத் தாண்டித்தான் போகும். அவரைவிட உள்ளூர்க்காரர் வேண்டுமா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"வாங்க சகல! பிரியாணி பார்சல் எங்க?" என்றார் அவர்.

மார்கழி முழுக்க வீட்டில் சைவம் என்பது என் மனைவியின் சட்டம். ஒன்றும் கொண்டுவரவில்லை என்றதும் சகலையின் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அன்று மாலை அக்காவும் தங்கையும் முதல் கச்சேரிக்குப் புறப்பட்டதும், "வாங்க, உங்களுக்கு ஒரு இடம் காட்டறேன். எங்க ஏரியா ஆளுங்க எல்லாம் அங்கதான்" என்று ஸ்கூட்டரில் ஏற்றினார். எனக்கு ஒரே சிலிர்ப்பு. கேட்ட முதல் நாளே ரகசியம் வெளியே வருகிறதே! நாலு தெரு சுற்றி ஒரு கடை முன்னால் நிறுத்தினார். சிவப்பு எழுத்தில், விளக்குப் போட்டு, பெரிதாக எழுதியிருந்தது: ஆம்பூர் பிரியாணி.

நூற்று எண்பது கிலோமீட்டர் பயணம் செய்து என் ஊருக்கே வந்து சேர்ந்திருந்தேன்.

"ஒரிஜினல் ஆம்பூர் டேஸ்ட் சார்" என்று இலையைப் போட்ட பையனிடம், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன். "திண்டுக்கல் சார்" என்றான். அவன்மேல் எனக்கு ஒரு பரிவு வந்துவிட்டது. அவனும் சொந்த ஊர்ப் பெருமையை விட்டுவிட்டு வயிற்றுப் பிழைப்புக்காக எதிர்க்கட்சிக்கு வேலை பார்க்கிறான். பிரியாணி எப்படி என்று சகலை ஆவலோடு கேட்டார். மார்கழி விரதம் முறிந்த குற்ற உணர்வில் வாயில் ருசியே தெரியவில்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் பேசவேயில்லை. மறுநாள்தான் எனக்கு விஷயம் புரிந்தது: சகலை வீட்டில் மூன்று வேளைக்கும் செல்போனைத் தட்டினால் சாப்பாடு வருகிறது. எந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கொண்டு வருகிற பையன்களின் பெயர்தான் தெரியும்.

அடுத்து ஆட்டோக்காரர். ஆட்டோக்காரருக்குத் தெரியாத நல்ல கடை இருக்காது என்று பத்திரிகைக் கட்டுரையில் போட்டிருந்தது. "எந்த ஊர் சார்?" என்றார் அவர். சொன்னேன். பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஆம்பூரா? இன்னா சார் நீ, அத்த உட்டுட்டு இங்க வந்து சோறு தேடினுகீற?" என்னிடம் பதிலில்லை.

தேடத் தேட எனக்கு ஒன்று விளங்கியது. சென்னையின் சொந்தச் சரக்கு என்று எதைத் தொட்டாலும் அது வேறு ஊரிலிருந்து வந்திருக்கிறது. பாரிமுனைப் பக்கம் அத்தோ என்று ஒரு நூடுல்ஸ். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கொண்டுவந்தது. அல்வா திருநெல்வேலி. அசோகா என்றொரு இனிப்பு, பாசிப்பருப்பும் நெய்யுமாகத் தொண்டையில் வழுக்குகிறது, அது திருவையாறு. பிரியாணிக்கு நாங்கள். கச்சேரிகளில் மட்டும் என்ன வாழ்கிறது? தியாகராஜர் கீர்த்தனைகளும் அசோகாவைப் போலத் திருவையாற்றிலிருந்து வந்தவைதான். தஞ்சாவூர்ப் பக்கத்து வித்வான்கள் குடிபெயர்ந்து வந்து மயிலாப்பூரை நிரப்பினார்கள். ஊரூராகப் பிடித்துவந்து, மாடவீதியில் உட்கார வைத்து, இது எங்களுடையது என்று சொல்லத் தெரிந்திருப்பதுதான் இந்த நகரத்தின் சாமர்த்தியம். நியாயமாகப் பார்த்தால் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல் வழியாகப் பஜ்ஜியை நீட்டுகிறார்களே, அந்த ஜன்னல் கடையும், மாடவீதியில் காளத்தி கடை ரோஸ்மில்க்கும் அக்மார்க் உள்ளூர். இரண்டையும் கண்டுபிடித்தேன் என்று மார்தட்டப் பார்த்தேன். என் மனைவி அவற்றைப் போன வருஷமே ஒரு சமையல் நிகழ்ச்சியில் பார்த்திருந்தாளாம்.

இரண்டாம் நாளிலிருந்து நானும் சபாக்களுக்குப் போக ஆரம்பித்தேன். இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு நோட்டு. கல்கி அந்தக் காலத்தில் 'கர்நாடகம்' என்ற பெயரில் விகடனில் சங்கீத விமர்சனம் எழுதினார்; நானும் ஒரு விமர்சகனாகிவிட்டேன். அவள் நோட்டில் ராகம், தாளம், பாடியவர். என் நோட்டில் கீரை வடை, வாழைப்பூ வடை, காசி அல்வா, அடை அவியல், ஒவ்வொன்றுக்கும் மார்க். ராத்திரி இரண்டையும் அக்கா கையில் கொடுத்தாள். அக்கா முதலில் என் நோட்டைத்தான் புரட்டினாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கச்சேரியில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பாடகர் பெரிய உருப்படி ஒன்றைப் பாடி முடித்ததும் மிருதங்கக்காரரிடம் கையைக் காட்டிவிடுவார். தனி ஆவர்த்தனம். அந்த நிமிஷம் பாதி ஹால் எழுந்திருக்கும். நான் முதல் தடவை ஏதோ தீவிபத்து என்று நினைத்தேன். எல்லாரும் கேன்டீனுக்குப் போகிறார்கள். தனி முடியும்போது வாயைத் துடைத்துக்கொண்டு துக்கடாவுக்குத் திரும்பிவிடலாம். இந்த ஜனத்திரளோடு நானும் மூன்று சபாக்களில் மூன்று தனிகளைத் தியாகம் செய்தேன். இதுதான் உள்ளூர் வழக்கம் என்றால் அதை மதிக்கவேண்டாமா?

மூன்றாம் நாள் கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மாமி. எழுபத்தைந்து வயது இருக்கும். தோளில் ஜோல்னாப் பை, அதில் தண்ணீர் பாட்டில், சால்வை, கச்சேரி அட்டவணை. சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "மாமி, இங்க இருக்கறவங்க எல்லாம் எங்க போவாங்க?" என்று கேட்டுவிட்டேன். நான் கேட்டது டிபனைப் பற்றி. மாமி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"சாயங்காலக் கச்சேரிக்குப் பட்டுப்புடவை வரும், ஃபாரின்ல இருந்து வந்தவா வருவா. மத்யானம் ஒரு மணிக்கு வாங்கோ. டிக்கெட் கிடையாது, கூட்டம் கிடையாது. இன்னும் பத்து வருஷத்துல யார் பேர் கொட்டை எழுத்துல வரப்போறதோ, அவாளை இப்பவே கேட்டுடலாம். யார்கிட்டயும் சொல்லாதீங்கோ."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் என் உடம்பு சிலிர்த்தது. அது என் பாஷை. இத்தனை நாள் கழித்து ஒருவர் எனக்குத் தேக்சாவைக் காட்டியிருக்கிறார்.

மறுநாள் ஒரு மணிக்கு, மாமி சொன்ன ஹாலுக்கு நாங்கள் போனபோது, மைக்காரரையும் சேர்த்துப் பதினேழு பேர். ஏசி இதமாக இருந்தது. உண்மையில் என் திட்டம் தூங்குவது. இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பதினேழு பேருக்குப் பாடுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பாடினாள். பெரிய உருப்படி முடிந்து தனி தொடங்கியதும் என் கால்கள் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டன. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் அசையவில்லை. பதினேழில் ஒன்று குறைந்தால் மேடையிலிருந்தே தெரியுமே! மெதுவாக உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் முழு தனி.

நான் தோல் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு எழுதியவன். பலாமரக் கட்டையின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது: இது நம்ம சரக்கு! மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். எங்கள் ஊர் டேனரிகளில் பதனிடுவது போலப் பதனிடாத பச்சைத் தோல், ஆனால் தோல்தான். வித்வானுக்கு விருது உண்டு. மிருதங்கத்தைக் கட்டிக் கொடுக்கிறவர்கள் பெயரை மேடையில் யாரும் சொல்வதில்லை. டி.எம். கிருஷ்ணா 2020இல் அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மிருதங்கம் வாசித்த பையனின் வலது கை விரல்கள் தோலின்மேல் பேசிய பேச்சை வாயைப் பிளந்து கேட்டேன். சபாவில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் இது என்பதால் மனைவியின் காதில், "வலது பக்கம் மாட்டுத்தோலும் இருக்கு" என்றேன். முன்வரிசையில் இருந்த மாமி திரும்பி "உஷ்!" என்றார். நேற்றைய மாமியேதான்.

அப்புறம் அந்தப் பெண் சின்னதாக ஒன்று பாடினாள். என் மனைவி நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

"மோகனம்" என்றாள், நான் கேட்காமலே. "உங்க வீட்டுக்காரங்க வந்த அன்னிக்கு நான் பாடினது இதைத்தான்."

"தெரியுமே" என்றேன்.

"என்ன தெரியும்?"

பொய் சொல்ல நினைத்து வாயைத் திறந்தேன். "வாழைக்காய் பஜ்ஜி" என்று வந்துவிட்டது.

ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் மாமி மறுபடி திரும்ப வேண்டியதாயிற்று. வழக்கு தள்ளுபடி ஆகவில்லை. அடுத்த சீசனுக்கு வாய்தா கிடைத்தது.

ராத்திரி ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினோம். எங்களோடு இறங்கிய ஒரு சின்னப் பையன், தோளில் கிடார் பை, "சார், இங்க நல்ல பிரியாணி எங்க சார்?" என்றான். என் கை தானாக நெடுஞ்சாலைப் பக்கம் எழுந்தது. பாதியில் நின்றது. மாமி கண்ணுக்குள் வந்தார். "தம்பி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பியா?" என்று கேட்டு, சந்து, அதற்குள் சந்து, தகரக் கூரை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றும் சொன்னேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மார்கழி முடிந்த முதல் ஞாயிறு. பன்னிரண்டு மணிக்கு முன்பே, நாக்கைத் தீட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன். தேக்சா கவிழ்ந்து கிடந்தது.

"என்ன பாய், இன்னும் மணி பன்னெண்டுகூட ஆகலையே?"

"ரெண்டு வாரமா இப்படித்தான் அண்ணே. கிடார் வெச்சுக்கிட்டு ஒரு தம்பி வந்துச்சு, போன வாரம் எட்டுப் பேரு, இன்னிக்கு வேன் வெச்சு வந்துட்டாங்க. நீங்கதான் அனுப்பினீங்களாமே! எல்லாம் உங்க புண்ணியம்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார் பாய். "கத்தரிக்காய் கொஞ்சம் இருக்கு, போடட்டுமா?"