விற்றாலும் சட்டம், உடைத்தாலும் சட்டம்

கேள்வி: தூத்துக்குடித் துறைமுகத்தில் பழைய ஸ்லாட் மெஷின் வந்து இறங்கினால், அதை விற்பது நல்லதா, உடைத்துக் காயலான் கடையில் போடுவது நல்லதா?
– மணப்பாடு வாசகர்

பதில்: சூதாட்டம் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலச் சட்டமன்றங்கள் சட்டமியற்றும் பொருள்களின் வரிசையில், 34-ஆவதாக இருப்பதால், 1992-இல் சட்டத்தைத் திருத்திய கோவாவின் ஐந்து நட்சத்திர விடுதிகளில் உரிமத்தோடு சுழலும் அதே இயந்திரம், இங்கே பணம் வைத்து ஆடப்பட்டால் 1930-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தின்படி சூதாட்டக் கருவியாகிவிடுகிறது, ஆகவே விற்பவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று, வாங்குபவரின் ஊரை. வட இந்தியாவில் பரவலாக வழங்கும் 1867-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டத்தின் 8-ஆம் பிரிவோ, சூதாட்ட விடுதி வழக்கில் தண்டனை உறுதியானால் கருவிகளை அழிக்கவும், கைப்பற்றிய நாற்காலி போன்ற பிற பொருள்களை விற்கவும் நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. நாற்காலிக்கு மறுவாழ்வு உண்டு, இயந்திரத்திற்கு இல்லை.

உடைப்பதும் எளிதன்று. 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் அட்டவணையில் காசு போட்டு இயக்கும் இயந்திரங்களும் இடம்பெறுவதால், அவை சேர வேண்டிய இடம் காயலான் கடையன்று, பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனமே. ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பும் எல்லாமே சூதாகிவிடுவதில்லை: இதே தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்புக் காலங்களில் திறக்காத சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக அரசே ஏலம் விட்டது. உள்ளே முத்து உண்டா என்பது ஏலம் எடுத்தவருக்கும் தெரியாது, விட்டவருக்கும் தெரியாது, ஆயினும் அதற்குச் சூது என்று பெயரில்லை, வருவாய் என்றே பெயர்.