அம்ப்ளிபயரிடம் கடன் கேட்கலாமா?

எங்கள் மாரியம்மன் கோயில் அம்ப்ளிபயருக்குள் பன்னிரண்டு வோல்ட் தரும் மூன்று கம்பி இணைப்பு ஒன்று சும்மா கிடக்கிறது. மைக் ப்ரீஅம்ப்பை அதில் ஓட்டலாமா?
*பசறை*

ஓட்டலாம். இது பழைய, நல்ல வழக்கம். 1953இல் வந்த இங்கிலாந்தின் குவாட் டூ அம்ப்ளிபயரே தன் ப்ரீஅம்ப்புக்கும் மின்சாரம் கொடுத்தது. 1959இல் வந்த அமெரிக்காவின் டைனாகோ எஸ்டி-70இன் முன்பக்கத்தில் அதற்கென்றே சாக்கெட் இருந்தது. கம்பியை மாட்டுமுன் மூன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எத்தனை வோல்ட், எத்தனை மில்லியம்பியர், எர்த் எங்கே சேர்கிறது.

அம்ப்ளிபயரின் பின்னால் 'ஆக்ஸ்' என்று எழுதிய ஓட்டையில் மீட்டரை வைத்தேன். ஒன்றுமே காட்டவில்லை. பழுதா?
*ஹாலி-எல*

பழுதில்லை. அது பாட்டு உள்ளே போகும் வாசல். மின்சாரம் வெளியே வரும் வாசல் வேறு. அந்தத் துணை சப்ளைக்குப் பக்கத்தில் வழக்கமாகப் பிளஸ் 12, மைனஸ் 12, கிரவுண்ட் என்று அச்சிட்டிருக்கும். பாட்டு வாசலில் மின்சாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ப்ரீஅம்ப் எவ்வளவு கரண்ட் குடிக்கும்? அதிலேயே ப்ளூடூத் போர்டையும் கொடுக்கலாமா?
*லுணுகலை*

கல்யாணப் பந்தியில் ஓர் இலை கூடப் போட்டால் சோறு குறையாது. ஐம்பது இலை போட்டால் காணாது. என்இ5532 ஐசி ஒன்று வழக்கமாக 8 மில்லியம்பியர் எடுக்கும், கூடினால் 16. நான்கு ஐசி என்றால் 64. காட்டும் விளக்குக்கு ஒரு பத்துச் சேருங்கள். சப்ளை 100 தரும் என்றால் நிம்மதி.

ப்ளூடூத் போர்டு வேறு ரக விருந்தாளி. கூடுதலாகக் கரண்ட் எடுக்கும். தன் டிஜிட்டல் இரைச்சலைக் கிரவுண்ட் கம்பி வழியாக மைக்கிலும் கலக்கும். அதற்குத் தனி சார்ஜர் கொடுங்கள்.

எங்கள் செட்டில் துணை சப்ளை இல்லை. 35-0-35 டிரான்ஸ்போமர்தான். அதிலிருந்தே 7812 ரெகுலேட்டர் ஐசி போட்டு எடுக்கட்டுமா?
*வெலிமடை*

வேண்டாம். 35 வோல்ட் ஏசி, டையோடும் கண்டென்சரும் தாண்டியதும் 49 வோல்ட் அளவுக்கு ஏறிவிடும். 7812 தாங்குவது 35 வரைதான். தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்போமர் வாங்குங்கள். அதுதான் மலிவான வழியும்கூட.

அப்படித்தான் 12-0-12 வாங்கிப் போட்டேன். பகலில் சுத்தம். இரவில் லயமெல்லாம் லைட் போட்டதும் இரைகிறது. ஏன்?
*நமுனுகுலை*

கணக்கில் இருக்கிறது விடை. 230 வோல்ட் வரும்போது உங்கள் 7812க்கு 16 வோல்ட் போகிறது. லைன் 180க்கு விழுந்தால் பன்னிரண்டரைதான் போகும். 7812க்குத் தன் பன்னிரண்டுக்கு மேல் இரண்டு வோல்ட் வேண்டும். அது கிடைக்காதபோது இரைச்சலைத் தடுக்க அதற்குத் தெம்பில்லை. 15-0-15 போடுங்கள். 180இலும் பதினைந்துக்கு மேல் கிடைக்கும். ஐசிக்குச் சின்ன ஹீட்சிங்க் ஒன்றும் மாட்டுங்கள். தவறு உங்கள் சோல்டரில் இல்லை.

7812 நன்றாக வேலை செய்கிறது. பக்கத்தில் மைனஸுக்காக அதே மாதிரி மாட்டிய 7912 மட்டும் சுட்டுச் செத்துப்போகிறது.
*தெமோதரை*

முகம் ஒன்று, கால் வேறு. எழுத்து உங்களைப் பார்க்க வைத்தால், 7812க்கு இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7912க்குக் கிரவுண்ட், இன்புட், அவுட்புட். ஹீட்சிங்க்கையும் இரண்டுக்கும் பொதுவாக வைக்காதீர்கள். 7912இன் முதுகு இன்புட்டோடு சேர்ந்தது.

எல்லாம் சரியாக மாட்டியும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். மெயின் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டினால் நின்றுவிடும் என்கிறார் ஒருவர்.
*ஹப்புத்தளை*

வெட்டவே வெட்டாதீர்கள். பனி இறங்கிய ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று, இரும்பு மைக்கில் உதடு வைத்துப் பாடப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளை. அந்தக் கம்பி அவருடைய உயிருக்காக இருக்கிறது.

இரைச்சலுக்கு வேறு மருந்து உண்டு. ப்ரீஅம்ப்பிலிருந்து அம்ப்ளிபயருக்குப் போகும் சிக்னல் வயரைக் கழற்றி, அம்ப்ளிபயரின் இன்புட்டை ஷோர்ட் செய்து கேளுங்கள். இரைச்சல் நின்றால் அம்ப்ளிபயர் குற்றவாளியல்ல. சப்ளை கம்பியில் ஒரு கிரவுண்ட், சிக்னல் வயரின் உறையில் இன்னொரு கிரவுண்ட் என்று இரண்டு பாதை ஆகி, அது ஒரு வளையமாகிவிட்டிருக்கும். இரண்டு வயரையும் குட்டையாக்கி ஒன்றாகக் கட்டி ஓட்டுங்கள். கிரவுண்டுகளை ஒரே புள்ளியில் சேருங்கள். அடங்காவிட்டால் ப்ரீஅம்ப் பக்கத்தில் சிக்னல் கிரவுண்டில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள்.

காதையும் பழக்குங்கள்: ஆழமான 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' வந்தால் பெரும்பாலும் வளையம், கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் 'ர்ர்ர்' வந்தால் சப்ளையின் கண்டென்சர்.

இடி மின்னல் வரும்போது ஸ்விட்சை அணைத்தால் போதுமா?
*மடுல்சீமை*

போதாது. வானத்திலிருந்து அத்தனை தூரம் தாவி வந்தது, ஸ்விட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளிக்கு நிற்குமா? மேகம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். வெளியே ஓடும் ஸ்பீக்கர் வயரையும் கழற்றுங்கள்.

என் அம்மாயி பாடிய கும்மியும் தாலாட்டும் ஒரே ஒரு பழைய கேசட்டில் இருக்கின்றன. கேசட் ஹெட்டுக்கு நானே ப்ரீஅம்ப் செய்து, அம்ப்ளிபயரின் துணை சப்ளையில் ஓட்டினேன். பாட்டோடு இரைச்சலும் பதிவாகிறது.
*பதுளை*

தங்கையே, இந்த ஒன்றுக்கு யாரிடமும் கடன் வாங்காதீர்கள். கேசட் ஹெட்டில் எழுவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதை ஆயிரம் மடங்கு அளவுக்குப் பெருக்குகிறீர்கள். வாசலில் புகும் இரைச்சலும் அதே ஆயிரம் மடங்கு பெருகுகிறது. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, நடுப் புள்ளியைக் கிரவுண்ட் ஆக்குங்கள். ஐசி டிஎல்072 என்றால் வழக்கமாக மூன்று மில்லியம்பியர்கூட எடுக்காது; பேட்டரி நாள்கணக்கில் வரும். கரண்ட் கம்பியே இல்லாத சப்ளை வழியாக 50 ஹெர்ட்ஸ் எப்படி நுழையும்?

ஹெட்டை ஆல்கஹோலில் துடைத்துவிட்டு, முதல் தடவை ஓடும்போதே பதிந்துவிடுங்கள். பழைய நாடா இரண்டாம் தடவை அறுந்துபோகலாம். சி. வி. வேலுப்பிள்ளை நம் மலைநாட்டு மக்களின் பாட்டுகளைத் தேடித் தொகுத்து வைத்தார்; அதனால் சொற்கள் ஏட்டில் நிற்கின்றன. மெட்டும், அடிக்கு அடி அம்மாயி இழுத்த மூச்சும் உங்கள் கேசட்டில்தான் இருக்கின்றன. பேட்டரியை இன்றைக்கே வாங்குங்கள்.