கரையிறங்கி வரலாறு காணல்

2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டீலியா சொகுசுக் கப்பலைப் புதுச்சேரி கரையண்ட விடவில்லை. சூதாட்டம், குடி என்று எதிர்ப்பு. பயணிகள் பிரெஞ்சுப் பண்பாட்டைக் கடலில் இருந்தபடியே கண்டு களித்திருப்பார்கள்.

2023 ஜூனில் அதே கப்பலின் இலங்கைப் பயணம்: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. இறக்கிவிடும் சில மணி நேரத்துக்குள் ஈராயிரம் ஆண்டு வரலாற்றைப் பார்த்து முடித்தாக வேண்டும். கோணேசுவரம்: சம்பந்தர் பாடியது, போர்த்துகீசியர் இடித்தது, நாம் செல்ஃபி எடுத்தது. பஃபே மூடுவதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிடலாம்.

எங்கள் கூடுவாஞ்சேரிக்காரர்களும் இதற்குப் பணம் கட்டத் தயார். உள்ளூர் நந்தீஸ்வரர் கோயில் அவர்களுக்கு ஷேர் ஆட்டோவுக்கு வழி சொல்ல உதவும் அடையாளம். சிங்கபெருமாள்கோயில் என்றால் ரயில்வே கேட். அங்கே பாடலாத்ரி நரசிம்மர் குடைவரையில் இருக்கிறார். அவரை வலம்வர மலையையே சுற்ற வேண்டும். செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை, கந்தசேனன் என்பவன் செய்வித்ததாகக் கல்வெட்டுடன் நிற்கிறது. வழிகாட்டி இல்லை, பஃபே இல்லை. அதனால் அது வரலாறு ஆகாது போலும்.

இருந்தாலும் விருப்பமுள்ளவர்கள் செங்கல்பட்டு வண்டியில் ஏறலாம். பாஸ்போர்ட் தேவையில்லை.