பொத்தான் காக்கும் பெருந்தகை

பொத்தான் காவலர் தம் கைப்பேசியில் மணி பார்க்க விரும்பினால் சார்ஜர் ஒயரைச் செருகுவார். செருகியதும் திரை தானாக ஒளிரும். பார்த்தபின் ஒயரைப் பிடுங்குவார். பிடுங்கும்போதும் திரை ஒருமுறை ஒளிரும் என்பதால், முதல்முறை கண்ணாடி அணியாமல் பார்த்தவர் இரண்டாம் முறை அணிந்து சரிபார்த்துக்கொள்ளலாம் என்பது இம்முறையின் கூடுதல் சிறப்பாக அவரால் எடுத்துரைக்கப்படும். கைப்பேசியின் வலப்பக்க விளிம்பில், கட்டைவிரல் இயல்பாகச் சென்று படியும் இடத்தில், இதே பணிக்கென ஒரு பவர் பொத்தான் இருக்கிறதே என்று எவரேனும் சுட்டிக்காட்டினால், விவரம் அறியாத பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையுடன் அவர் சொல்லும் விடை ஒன்றே: "அழுத்த அழுத்தத் தேஞ்சிடும்ப்பா."

இவ்வகையினர் பெரும்பாலும் அறுபதைக் கடந்த ஆடவர். வாழ்நாள் முழுவதும் பிறருடைய கணக்கைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவர். தொலைக்காட்சி ரிமோட்டை வாங்கிய அன்றே பாலித்தீன் உறைக்குள் இட்டு ரப்பர் பேண்ட் போடுபவர். பழுப்பு நிறக் கைப்பேசி உறை, அதன் மேல்மூலையில் பசை ஒட்டிக் காய்ந்த தடம், பேசும்போது இடக்கண்ணைச் சுருக்கும் வழக்கம், மைத்துனர் வீட்டுக் காப்பியை மட்டும் குறை கூறும் இயல்பு ஆகியவை இவ்வகையினர் அனைவருக்கும் பொதுவானவையா, ஒருவருக்கே உரியவையா என்பது இங்கு ஆராயப்படவில்லை.

அவருடைய அச்சத்தை மதிப்பிட வேண்டுமாயின் பொத்தானின் அமைப்பை அறிந்தாக வேண்டும். வெளியே தெரிவது வெறும் மூடி. உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன அம்மூடிக்குப் பின்னே சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சுவிட்சு ஒன்று இருக்கிறது. அதன் உயிர்நாடி, நடுவில் மேல்நோக்கிப் புடைத்த, துருப்பிடிக்காத எஃகாலான மெல்லிய தகடாகும். விரல் அழுத்தும்போது அப்புடைப்பு சட்டென்று உள்வாங்கி, அடியிலுள்ள மின்முனைகளை இணைக்கிறது; விரலை எடுத்ததும் பழையபடி புடைத்துக்கொள்கிறது; விரல்நுனியில் உணரப்படும் 'டிக்' இத்தகடு மடங்கி நிமிர்வதால் எழுவதே. உலோகச் சோர்வு, அதாவது தாங்கக்கூடிய அளவுக்குள் இருந்தாலும் திரும்பத் திரும்ப வளைக்கப்படும் உலோகத்தில் நுண்விரிசல் விழுந்து வளர்வது, இத்தகட்டுக்கும் விலக்கன்று. ஆகவே பொத்தான் தேயுமா என்ற கேள்விக்குத் தேயும் என்பதே நேர்மையான விடை. காவலர் இவ்விடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு, வீட்டில் உள்ளவர்களை அழைத்து இந்த வரியை உரக்கப் படித்துக்காட்டுவார் என்பதில் ஐயமில்லை.

நிறுத்தாமல் தொடர்வோருக்கு மேலும் சில செய்திகள் உள்ளன. இத்தகைய சுவிட்சுகளைச் செய்வோர் வெளியிடும் தொழில்நுட்பக் குறிப்புகளில் ஆயுள் என்ற தலைப்பில் ஓர் எண் இருக்கும். அது பொதுவாக ஒரு லட்சம் அழுத்தங்களில் தொடங்கி, உயர்தர வகைகளில் பத்து லட்சத்தை எட்டும். பேரன் வழியாக இந்த எண்ணை அறிந்த நாள் முதல் காவலரின் கணக்குப்பிள்ளை மூளை உறங்கவில்லை. நாளொன்றுக்கு 60 அழுத்தம் எனக் கொண்டால் ஆண்டுக்கு 21,900. ஒரு லட்சம் தீர்வதற்கு நான்கரை ஆண்டுக்குச் சற்றே கூடுதல் காலம். அதன்பின் என்ன ஆகும் என்று அவர் கேட்கும் தொனி, சித்திரகுப்தன் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தவரின் தொனி. அந்த எண் சோதனைச்சாலையில், வரையறுத்த விசையில், சுவிட்சு குறைந்தபட்சம் எவ்வளவு தாங்கும் என்பதற்கான உறுதிமொழியே அன்றி, ஒரு லட்சத்து ஒன்றாவது அழுத்தத்தில் உயிர் பிரியும் என்ற அறிவிப்பு அன்று எனப் பலமுறை விளக்கியும் பயன் விளைந்ததில்லை. கைப்பேசியின் லித்தியம் அயனி மின்கலம் 500 முதல் 1,000 முழு மின்னேற்றங்களுக்குள் தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். தயாரிப்பாளர் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திய சில ஆண்டுகளில் வங்கிச் செயலிகளும் பழைய கருவியில் இயங்க மறுக்கும். இவ்விரண்டும் பொத்தானுக்கு முன்பே கைப்பேசியை ஓய்வுபெறச் செய்துவிடும் என்ற வாதமும் அவரிடம் எடுபடவில்லை.

இந்த அச்சம் காரணமின்றிப் பிறந்ததன்று என்பதை நியாயம் கருதிப் பதிவு செய்ய வேண்டும். காவலர் பொத்தான்களோடு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். ரிமோட்டின் உள்ளே ரப்பர் மேட்டின் அடியில் கரி கலந்த சிறு வட்டம் ஒன்று இருக்கும். அது சுற்றுப்பலகையைத் தொட்டு மின்சாரத்தைக் கடத்தும். அது தேய்ந்தபின் அழுத்துபவர் கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தினாலும் சேனல் மாறாது. பழைய பொத்தான் கைப்பேசிகளில் எண்கள் அழிந்து, எது 5 எது 8 என்று விரலே நினைவில் வைத்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டதையும் அவர் கண்டவர். பெருநிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்ததுண்டு: ஐபோன் 5 கைப்பேசிகளில் ஒரு பகுதியின் மேல்விளிம்புப் பொத்தான் சரிவர இயங்காததால், 2013 மார்ச் வரை தயாரான அவ்வகைக் கருவிகளில் பழுதானவற்றுக்குப் பொத்தான் பகுதியை மாற்றித் தரும் திட்டத்தை ஆப்பிள் நிறுவனம் 2014 ஏப்ரலில் அறிவித்தது. அதே நிறுவனம் 2016இல் ஐபோன் 7இன் முகப்புப் பொத்தானை அசையாத வட்டமாக மாற்றி, அழுத்தியது போன்ற அதிர்வை மட்டும் உள்ளிருந்து எழுப்பி, 2017இல் ஐபோன் எக்ஸில் அதையும் நீக்கிவிட்டது. தாம் சொன்னதைக் கேட்டுத்தான் அமெரிக்காக்காரன் திருந்தினான் என்பது காவலரின் கருத்து.

ஆனால் பொத்தானைக் காப்பதற்கு அவர் கையாளும் மாற்றுவழிகளே இச்சித்திரத்தின் மையம். முதலில் வந்தது மடக்கு உறை. அதன் மூடியில் சிறு காந்தம் இருக்கும். கைப்பேசியினுள் உள்ள ஹால் உணரி, அதாவது காந்தப்புலத்தைக் கண்டறியும் சில்லு, மூடி திறந்ததை அறிந்து திரையை ஒளிரச் செய்யும். நாளெல்லாம் மூடித் திறந்ததில் உறையின் மடிப்பு கிழிந்து, செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிந்து அவருடைய சட்டைப்பைக்குள் படிந்தது. துவைக்கும் கைகளுக்கு மட்டுமே அதன் அருமை தெரியும். அடுத்து வந்தது திரையைப் பூட்டும் செயலி. ஆண்ட்ராய்டின் 9ஆம் பதிப்பு 2018இல் வெளிவருவதற்கு முன், இத்தகைய செயலி வழியாகப் பூட்டிய கைப்பேசி விரல்ரேகையை ஏற்காது, கடவு எண்ணையே கேட்கும்; எனவே ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்தாமல் இருப்பதற்காகக் கண்ணாடியில் நான்கு எண்களைத் தட்டும் பழக்கம் அவரிடம் வேரூன்றியது. புதிய பதிப்பு இக்குறையை நீக்கியபின், திரையின் வலது ஓரத்தில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் வெள்ளை வட்டம் ஒன்றை அவர் நிறுவிக்கொண்டார். ஓஎல்இடி வகைத் திரையில், அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும் கரிமப் பொருளாலான திரையில், ஒரே இடத்தில் நெடுங்காலம் நிற்கும் உருவம் அழியாத நிழலாகப் பதிந்துவிடும். பொத்தானையும் அதைத் தாங்கும் ஆன்-ஆஃப் ஃபிளெக்ஸையும், அதாவது மெல்லிய படலத்தில் செம்புக் கோடுகள் பதித்த பட்டையையும், சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் மாற்றிவிடலாம். கைப்பேசியிலேயே விலையுயர்ந்த உறுப்பு திரை. முன்னதைக் காப்பதற்காகப் பின்னதில் நிரந்தர நிலவு ஒன்றை உதிக்கச் செய்தவர் அவர்.

இவை எதுவும் சார்ஜர் முறைக்கு ஈடாகாது. டைப்-சி எனப்படும் இன்றைய மின்னேற்றத் துளை, அதன் தர வரையறையின்படி 10,000 முறை செருகி எடுப்பதற்கு வடிவமைக்கப்படுகிறது. இரவில் ஒருமுறை மின்னேற்றும் சாதாரண மனிதருக்கு இது இருபத்தேழு ஆண்டுகளுக்குப் போதும். மணி பார்ப்பதற்கும், குறுஞ்செய்தி வந்ததா என அறிவதற்கும், வராதது ஏன் என யோசிப்பதற்கும் நாளொன்றுக்கு 30 முறை செருகும் காவலருக்கு அது பதினோரு மாதத்தில் தீர்ந்துபோகும். ஒரு லட்சம் தாங்கும் உறுப்பைக் காக்கப் பத்தாயிரம் தாங்கும் உறுப்பைப் பலியிடும் இக்கணக்கை, அரையணா விடுபட்டாலும் பேரேட்டை முழுதும் மீண்டும் கூட்டிப்பார்த்த ஒரு கணக்கர் காணத் தவறியது விந்தையே. துளை தளர்ந்து ஒயர் நிற்காமல் போனபோது, "கம்பெனி மட்டமான சரக்கைப் போட்டிருக்கான்" என்பதே அவருடைய முடிவாக இருந்தது.

திரைப்பிடிப்பு, அதாவது திரையில் உள்ளதைப் படமாகச் சேமித்தல், தனியே குறிப்பிடத்தக்கது. பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டிய செயல் இது. ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்கள் என்பது அவரைப் பொறுத்தவரை இரட்டைக் கொலை. ஆகையால் அவர் மனைவியின் கைப்பேசியை வாங்கி, அதன் பவர் பொத்தானைத் தயக்கமின்றி அழுத்தி, தம் கைப்பேசித் திரையைப் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் தமக்கே அனுப்பிக்கொள்வார். அவ்வாறு வரும் படங்களில் மின்கட்டண ரசீதைவிட மேலே சுழலும் மின்விசிறியின் பிம்பமே தெளிவாகத் தெரியும். பிறருடைய பொத்தான்கள் குறித்து அவருக்கு எவ்விதக் கவலையும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்தில் நகைச்சுவையை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. அழைப்பு மணி ஒலிக்கும்போது பவர் பொத்தானையோ ஒலிப் பொத்தானையோ ஒருமுறை அழுத்தினால் ஓசை அடங்கிவிடும் என்பதைக் காவலர் அறிவார், அறிந்தும் செய்யமாட்டார். அவருடைய அழைப்பு மணி, கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் வாசிக்கப்படும் மல்லாரி. ஒலியளவு, கடையிலிருந்து வந்த நாள்தொட்டு உச்சத்தில். துக்க வீட்டில், ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மகன் நிற்க, கூடியிருப்போர் வாய்திறவாது அமர்ந்திருக்க, கம்பீரநாட்டை ராகம் தவில் முழக்கத்தோடு எழும்போது, அவர் பதற்றமின்றிச் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, உரிந்த மூடியை விரித்து, கண்ணாடியைத் தேடி அணிந்து, பெயரை வாய்விட்டுப் படித்து, சிவப்பு வட்டம் எங்கே என்று தடவிக் கண்டுபிடிப்பதற்குள் சுவாமி இரண்டு வீதிகளைக் கடந்திருப்பார். "ஏங்க, அந்தப் பட்டனைத்தான் ஒரு அழுத்து அழுத்துங்களேன்" என்று பக்கத்திலிருந்து மனைவி பல்லைக் கடித்துச் சொன்னதை அங்கிருந்த அனைவரும் கேட்டனர். அவருக்கு மட்டும் கேட்கவில்லை. அழைத்தது கடனட்டை விற்கும் பெண். இறந்தவரின் மகன் அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. உறவினர் மத்தியில் அதற்காகத் தலைகுனிந்தவர்கள் வேறு சிலர்.

இதனினும் கடுமையான ஒன்றும் உண்டு. இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகளில் ஆபத்துக்கால அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்று மைய அரசு 2016இல் விதி வகுத்தது. அதன்படி ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை விரைந்து மூன்று முறை அழுத்தினால் உதவிக்கு அழைப்பு செல்ல வேண்டும். இதைக் கேட்டபோது காவலர் எழுப்பிய ஒரே ஐயம், "மூணு தடவையா?" என்பதே.

பொத்தானைக் கெடுப்பவை எவை என்று பழுதுபார்ப்பவரைக் கேட்டால் அவர் அழுத்தங்களின் எண்ணிக்கையைச் சொல்வது குறைவு. சட்டைப்பை வியர்வை, விளிம்பில் அடையும் தூசி, மழைநீர் புகுந்து பூக்கும் பச்சைக் களிம்பு, அளவு பொருந்தாத உறை பொத்தானை இடைவிடாது அழுத்திக்கொண்டே இருத்தல், கீழே விழுந்ததில் விளிம்பு நசுங்குதல் ஆகியவையே அவர் சொல்லும் பட்டியல். நெடுநாள் தொடப்படாத மின்முனைகளில் மெல்லிய படலம் படிந்து தொடர்பு மந்தமாவதும் உண்டு. அவ்வப்போது அழுத்துவதே அதற்கு மருந்து. காவலர் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைப்பவர். அதுவும் சித்திரை வெயிலில்.

ஆயினும் அவர் பயன்படுத்திக் கழித்த கைப்பேசியைக் கையில் வாங்கிய பேத்தி, அதன் பவர் பொத்தானை அழுத்திப் பார்த்து, "தாத்தா, இது மட்டும் புத்தம் புதுசா இருக்கு" என்று சொன்னபோது அவர் முகத்தில் தோன்றிய நிறைவை மறுப்பதற்கில்லை. முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் ஒரு தணிக்கைக் குறிப்புக்கும் இடம்தராதவரின் நிறைவு அது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கச் சென்ற கடையில், திரையின் நிழலைக் கண்டும், தளர்ந்த துளையில் ஒயரை ஆட்டிப் பார்த்தும் விலையைக் குறைத்துக்கொண்டே சென்ற இளைஞன், அந்தப் பொத்தானுக்காக ஒரு ரூபாயும் கூட்டித் தரவில்லை. அவர் பேரம் பேசாமல் கைப்பேசியை வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டார்.

இவ்வகைப் பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: வீட்டில் எப்படியும் இருந்துகொள்ளலாம், துக்க வீட்டில் மணி ஒலித்தால் மட்டும் அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தவும். அழைப்பு துண்டிக்கப்படாது, ஓசை மட்டுமே நிற்கும், பொத்தானும் தாங்கும்.