அக்னித் தலத்தில் ஒரு கேமரா

கேள்வி: திருவண்ணாமலைக் காட்டில் மான்களைக் கண்காணிக்க, நெடுநாள் உழைக்கும் தானியங்கிக் கேமராவை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

பதில்: சுற்றுப்புறத்தினின்று வேறுபட்ட உடல்வெப்பம் நகர்வதை அறிந்து படமெடுக்கச் செய்யும் அகச்சிவப்பு உணரியே இக்கருவிக்கு உயிர் என்பதால், சித்திரை வெயிலில் பாறையும் புள்ளிமானும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும் அக்னித் தலமான திருவண்ணாமலையில், பெட்டியின் மேல் அச்சிட்ட மெகாபிக்சலைவிட அவ்வுணரியின் கூர்மையும், உணர்ந்தபின் படமெடுக்க ஆகும் தாமதமுமே முதலில் பார்க்கத்தக்கவை, தாமதம் நீண்டால் மான் போய்விட, வால் மட்டும் ஆவணமாகும். மூடியின் விளிம்பில் மழைநீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் இருத்தல் வேண்டும். மின்கலங்களில், கசிந்து கருவியையே அரிக்கக்கூடிய அல்கலைனைவிட லித்தியம் மேல். 2018ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்புக்காக நாடெங்கும் 26,838 இடங்களில் இத்தகைய கேமராக்கள் வைக்கப்பட்டன. ஆனால் தனியொருவர் காப்புக்காட்டில் வைக்க வனத்துறையின் அனுமதி தேவை. குரங்குகள் அனுமதி தருவதில்லையாதலால், இரும்புக் கூட்டையும் பூட்டையும் சேர்த்தே வாங்குவது நலம்.