முற்றுகைக்குள் ஒரு கிரயப் பத்திரம்

கேள்வி: எல்லா வழியும் அடைபட்ட காலத்தில் இறைவனை நம்புவது என்றால் கைகட்டிக் காத்திருப்பதுதானா?

பதில்: கைகட்டி இருப்பதுதான் நம்பிக்கை என்றால் எரேமியாவுக்கு அது எளிதாகவே வாய்த்திருக்கும், அவர் அப்போது காவலில் இருந்தார். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, நகரம் வீழும் என்று அறிவித்ததற்காக யூதாவின் அரசன் சிதேக்கியாவால் காவல்முற்றத்தில் அடைக்கப்பட்ட அந்தத் தீர்க்கதரிசி, அதாவது இறைவாக்கை எடுத்துரைப்பவர், நகருக்கு வெளியே ஆனதோத்தில் இருந்த நிலத்தைத் தம் தந்தையுடன் பிறந்தவரின் மகனான அனாமெயேலிடம் 17 சேக்கல், அதாவது ஏறத்தாழ 190 கிராம், வெள்ளிக்கு வாங்கினார். எந்த நிலத்தரகரும் பரிந்துரைக்கத் துணியாத இந்தக் கிரயத்தில் அவர் காத்த ஒழுங்கே கவனிக்கத்தக்கது: வெள்ளி தராசில் நிறுக்கப்பட்டது, சாட்சிகள் கையெழுத்திட்டனர், முத்திரையிட்ட பத்திரமும் திறந்த படியும் நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் இடப்பட்டன. நாட்டில் வீடும் வயலும் மீண்டும் விலைபோகும் என்ற வாக்கை நம்பிய அவர், நகரம் தப்பிவிடும் என்று பொய்யாறுதல் கூறவில்லை, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அது வீழ்ந்தது. ஆகவே, நெருக்கடிக்கால நம்பிக்கை என்பது விளைவை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து விடுபடாமல் பார்த்துக்கொள்வதாகும். அந்த வேலையையும் இறைவனிடமே விடுவதற்குச் சோம்பல் என்று பெயர்.